நாலாவது தீவில் விளக்கு வைக்கும் நேரம்

எய்யா,

நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். உன் சரிம்மாவை எனக்குத் தெரியாதா? எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, முடித்ததும் முன்னால் சொன்னதையே மறுபடியும் சொல்கிற சரிம்மா அது. உங்க அப்பாவிடமிருந்து அப்படியே உரித்துக்கொண்டு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. வேலை பார்த்த காலமெல்லாம் பாளையங்கோட்டையில் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நான். சொந்தமாகச் சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்ய இப்போதுதான் வாய்த்திருக்கிறது. பவித்ராவும் படிக்கட்டும். உன் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

தை பிறந்ததும் உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். பங்குனிக்குள் இரண்டு பேரும் கனடா போகிறீர்கள். நானும் உங்களோடு வந்துவிட வேண்டும், இந்தத் தச்சநல்லூர் வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறாய். கல்யாணப் பத்திரிகை வேலைக்கு நடுவில் இதற்கும் ஒரு முடிவு சொல் என்று நெருக்குகிறாய். "நீ அங்கன தனியா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய். பெங்களூர் போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்த 'அங்கன' மட்டும் உன் வாயை விட்டுப் போகவில்லை. தாடியும் மீசையுமாக இருக்கிற ஆள் பயமாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு எனக்கு என்னவோ செய்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல் இத்தனை நாள் இழுத்தேன்.

பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தீபாவளிக்கு வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து நம் வீட்டு டிவியில் மாட்டினாயே, அன்றைக்குத் தொடங்கியது இது. அத்தனை வருஷமாக நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் கம்ப்யூட்டரில் வேலை என்பேன். நீ கேம் செய்கிறாய் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நீ பட்டனைத் தட்டினாய், கடல் வந்தது. கடலுக்கு நடுவில் மாலையில் கோத்த மாதிரி வரிசையாகத் தீவுகள். ஒரேலா தீவுகள் என்றாய். இந்தப் பெயரை எங்கே பிடித்தாய், ஊர்ப் பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன், நீ சிரித்தாய். ஆனால் அய்யா, அழகாகத்தான் செய்திருக்கிறாய். வெயில் உண்டு, கொளுத்துகிற வெயில் இல்லை. குளிர் உண்டு, நடுக்குகிற குளிர் இல்லை. மலைமேல் கற்பூர மரங்கள், சரிவில் ஆரஞ்சுத் தோட்டம், கீழே கரும்பு, அதற்கும் கீழே வெள்ளை மணல். காலையில் மூடுபனி இறங்கிக் கடல்வரை வருகிறது. மாஞ்சோலைக் குளிரைத் தூக்கிக்கொண்டு போய் மணப்பாட்டுக் கடற்கரையில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கோமதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "இது எந்த ஊருலே?" என்று உன்னிடம் கேட்டாள். "எந்த ஊருமில்ல அத்த, நானா செஞ்சது" என்று நீ சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பெரும்புயலில் ஆட்கள் எல்லாரும் ஓடிப்போன தீவுகள், அங்கே ஒருத்தி மட்டும் திரும்பி வந்து குடியேறுகிறாள், வீட்டைச் சரி பண்ணி, தோட்டம் போட்டு, மீன் பிடித்து, மற்றவர்களையும் ஒவ்வொருவராக வரவழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். வெளியே விடுவதற்கு முன் வயசானவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னாய். வயசானவள் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தக் கன்ட்ரோலரைக் கையில் பிடித்த முதல் நாள் என் ஆள் நேராக நடந்து போய்க் கடலில் விழுந்தாள். இரண்டாவது தடவை கரும்புக்குள் போய் மாட்டிக்கொண்டாள். ஒருவழியாக வீட்டுக்குள் நுழைந்தபோது, செருப்பைக் கழற்ற எந்தப் பட்டன் என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மண்ணும் மணலுமாக வந்து ஒருத்தி அப்படியே அடுப்படி வரைக்கும் போனால் பார்க்கச் சகிக்குமா?

நீ பெங்களூர் போன பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. நாலாவது தீவில் வீடு கட்டி முடித்திருந்தேன். ஆரஞ்சு காய்க்க ஆரம்பித்திருந்தது. சூரியன் இறங்கி, கடல் சிவந்து, நீ செய்த அந்த அந்தி வானம் வந்தது. வீட்டுக்குள் மாடத்தில் ஒரு விளக்கு இருந்தது. நான் நேரே போய் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் கறுப்புப் பாய் விரித்த படகுகள் வந்தன, கொள்ளைக்காரர்கள் இறங்கினார்கள், ஆரஞ்சு முழுவதையும் வாரிக்கொண்டு கூரைக்கும் தீ வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மறுபடி கட்டினேன், அந்தி வந்தது, விளக்கேற்றினேன், மறுபடியும் வந்தார்கள். "ஏளா, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? பொழுது சாஞ்சா வெளிச்சம் காட்டாதன்னு பலகையில எழுதிப் போட்டிருக்கான்லா ஒம் பிள்ள? படிக்கலியா?" என்று கோமதி கத்தினாள். படித்தேன். படித்துவிட்டுத்தான் ஏற்றினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் குடியிருக்கிற வீட்டை இருட்டாகப் போட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, கை தானாகப் போகிறது. அவ்வளவு பேசிய கோமதி தன் முறை வந்தபோது என்ன செய்தாள் தெரியுமா? தன் வீட்டுக்கு ஏற்றியதோடு நிற்காமல், ஆளில்லாத வீடுகளுக்கும் போய் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு வந்தாள். "பாவம், பூட்டிக் கெடக்கு" என்றாள். அன்றைக்குக் கொள்ளைக்காரன் தெருத்தெருவாக வந்தான். அவள் வீட்டுக்காரர் சங்கரன் அண்ணாச்சி, பக்கவாதம் வந்ததிலிருந்து முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும், அந்த ஒரு பக்கத்தாலேயே குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

உன்னிடம் சொன்னபோது நீயும் அப்படித்தான் சிரித்தாய். உலகத்தில் யாரும் இப்படி ஆடவில்லை, எல்லாரும் ஒரு தடவை சூடுபட்டதும் ஜன்னலை அடைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள், காவல் கோபுரம் கட்டிய பிறகுதான் விளக்கையே தொடுகிறார்கள் என்றாய். நான் கோபுரம் கட்டவில்லை. ஆனாலும் கார்த்திகை வந்தபோது கொள்ளைக்காரர்கள் வருவது நின்றுவிட்டது. திருக்கார்த்திகை அன்று நாலாவது தீவில் ஒரு வீடு விடாமல், படித்துறையில்கூட, விளக்காக வைத்துத் தள்ளினோம். ஒரு படகு வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரஞ்சை மலைக்குகையில் மாற்றி வைத்ததால்தான் ஏமாந்து போய்விட்டார்கள் என்று கோமதியிடம் பீற்றிக்கொண்டேன். மார்க்கெட்டில் காய்கறிக்கார அண்ணாச்சியிடம்கூடச் சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு பவித்ரா கல்யாணப் புடவை எடுக்க வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் லேப்டாப்பில் அதே நாலாவது தீவைத் திறந்து, "உங்கள மாதிரியே ஆடிப் பார்க்கறேன் அத்தை" என்று அந்தியில் விளக்கேற்றினாள். சொல்லி வைத்த மாதிரி படகு வந்தது. கூரை எரிந்தது. நான் என் டிவியைப் பார்க்கிறேன், என் வீட்டில் விளக்கு அமைதியாக எரிகிறது. "எனக்கு மட்டும் ஏன்ட்டி வரல?" என்று கேட்டேன். அவள் நகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பொய் சொல்ல வராத பிள்ளை அது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. "அத்தை, உங்க பெட்டியில மட்டும் அவங்க வரமாட்டாங்க. அவர்தான் பெங்களூர்ல இருந்தே நெட் வழியா மாத்தி வெச்சிட்டாரு. நீங்க தினமும் கூரை கட்டறதப் பார்க்கப் பாவமா இருந்துச்சாம். சொல்ல வேண்டாம்னு சொன்னாரு" என்றாள். அவள் முன்னால் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது எல்லாம் நீ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது என்று தெரிந்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும்?

கோபம் ஆறின பிறகு உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தீவுகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றாம் வகுப்போ இரண்டோ படிக்கும்போது மணிமுத்தாறு போனோம். அருவியில் குளித்துவிட்டு அணைக்கட்டின் மேல் நின்றோம். கோடை, தண்ணீர் வற்றிப்போய் அணைக்குள் மேடு மேடாகத் தெரிந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அங்கன யாருப்பா இருக்கா?" என்று கேட்டாய். "யாரும் இல்லலே. மழ பெஞ்சா எல்லாம் முங்கிரும்" என்றார் அப்பா. அவர் இருந்தவரைக்கும் எதையும் வளைத்துச் சொல்லத் தெரியாது. அம்பாசமுத்திரம் தாண்டுகிற வரைக்கும் பஸ் ஜன்னலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். பிறகு என் காதில் வந்து, "அதுல இருக்கவங்களுக்கு யாராவது முன்னாடியே போய்ச் சொல்லணும்லாம்மா" என்றாய். யாரும் இல்லை என்று சொன்னதை நீ நம்பவில்லை. அன்றிலிருந்து உன் நோட்டு முழுவதும் தீவுதான், ஒவ்வொரு தீவிலும் ஒரு வீடு. தீவுகள் அங்கிருந்து வந்தன, சரி. வெளிச்சம் காட்டினால் ஆபத்து வரும் என்கிற சட்டம் எங்கிருந்து வந்தது?

அது என்னிடமிருந்து வந்தது. கூரை எரிந்துகொண்டிருந்த நாட்களில், கோமதி நச்சரித்ததால் ஒரே ஒரு நாள் விளக்கேற்றாமல், ஜன்னலை அடைத்து, தாழ்ப்பாளைப் போட்டு, நீ சொன்னபடி ஆடிப் பார்த்தேன். திரை முழுக்க இருட்டு. கடல் சத்தம் மட்டும் கேட்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிற என் ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. ரொம்ப நேரம் கழித்துக் கதவில் மூன்று தட்டு. மூன்று தட்டு கேட்டால் மட்டும் திறக்கலாம் என்று வைத்திருக்கிறாய். திறந்தால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். தோளில் பை, கையில் குடை, முந்தானை நனைந்திருக்கிறது. என் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவிவிட்டது. கோமதி என்ன என்று கேட்டாள், கை வலிக்கிறது என்றேன்.

உங்க அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை, ராத்திரிதான் வருவார். எனக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கொக்கிரகுளம், பாலம் தாண்டி ஜங்ஷன், அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்று தச்சநல்லூர் வந்து சேரும்போது பொழுது அடைந்துவிடும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கழுத்தில் தொங்குகிற சாவியால் கதவைத் திறந்து உள்ளே போவாய். அந்த வருஷம் நம் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போயிருந்தது. "தாழ்ப்பாளப் போட்டுக்க. லைட்டப் போடாத. வெளிச்சத்தப் பாத்தா சின்னப்பிள்ள தனியா இருக்குன்னு தெரிஞ்சிரும். நான் வந்து மூணு தட்டு தட்டுவேன், அதுக்கு மட்டும் தெற" என்று சொல்லி வைத்திருந்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை என்று எனக்கு நினைப்பு. தினமும் நான் வந்து தட்டி, நீ திறந்து, நான் காலைக் கழுவிவிட்டு விளக்கு வைத்த பிறகுதான் அது வீடாகும். அதுவரை இருட்டுக்குள் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து டிவியில் போட்டுக் காட்டினாய். நான் அன்றைக்குச் செய்தது தப்பு எய்யா. உனக்கு வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும், கோமதி வீட்டில் விட்டிருக்கலாம், நான் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் உன்னிடம் மறைத்திருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் வந்த அந்த மார்கழியில் இரண்டு நாள் என் போன் கிடைக்காமல் நீ துடித்துப் போனாய். உனக்கு இந்தப் பயம் பிடித்ததே அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு பேசும்போது "முட்டளவு தண்ணிதான், மாடியில இருந்துக்கிட்டோம், ஒண்ணுமில்ல" என்றேன். முட்டளவு இல்லை. இடுப்புக்கு மேல் வந்தது. கால்வாய் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. நானும் கோமதியும் அண்ணாச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, ஒவ்வொரு படியாக நம் மாடி அறைக்கு ஏற்றினோம். எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது, குடிக்க மழைத்தண்ணீர்தான். இரண்டாவது நாள் மத்தியானத்திலிருந்து அண்ணாச்சிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மாத்திரை எல்லாம் கீழே தண்ணீருக்குள். கோமதி அழவும் தெரியாமல் அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்ந்தது. குத்துவிளக்கு கீழே முங்கிக் கிடந்தது. மாடியில் கிடந்த ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தேன். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் கொஞ்சம் இருந்தது. உங்க அப்பாவின் பழைய வேட்டி ஓரத்தைக் கிழித்துத் திரி போட்டு ஏற்றி ஜன்னலில் வைத்தேன். "இப்ப எதுக்குளா விளக்கு?" என்றாள் கோமதி. "நேரமாச்சுல்லா" என்றேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை, இருந்தது என்று உன்னிடம் கதை விடமாட்டேன். அது கொஞ்ச நேரம் எரிந்திருக்கும், இன்ஜின் சத்தம் கேட்டது. நம் தெருவில், பால் வண்டி வருகிற தெருவில், படகு வருகிறது. ஆம்பளைகள் பேசுகிற சத்தம். பூட்டின வீடுகளில் எவனோ புகுந்து எடுக்கிறான் என்று காலையில்தான் எதிர்வீட்டு மாடியிலிருந்து கத்திச் சொல்லியிருந்தார்கள். "விளக்க அணச்சிருளா, எவன் வாரானோ" என்றாள் கோமதி. உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான், வெளிச்சத்தைப் பார்த்தால் தனியாக இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். சுடர் மேல் கையைக் கொண்டு போய்விட்டேன். அப்போது அண்ணாச்சி ஒரு மூச்சு இழுத்தார் பார், அந்தச் சத்தத்தைக் கேட்டு என் கை நின்றது. யார் வந்தாலும் வரட்டும் என்று விளக்கை இன்னும் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

"அக்கா, எத்தன பேரு இருக்கிய?" என்று கீழேயிருந்து ஒரு குரல். கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்திருந்த மீனவர்கள். முன்னால் இருந்தவர் பெயர் சவரிமுத்து. நம் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீரில் நடந்து மாடிக்கு வந்தார். வந்த வேகத்தில் அண்ணாச்சியைப் பார்த்தார், தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். "பயப்படாதிய, பையப் பைய எறங்குங்க, எங் கையப் பிடிச்சுக்கிடுங்க" என்றார். படகில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "இருட்டிட்டு, பெட்ரோலும் கம்மியாக் கெடக்கு, அந்த முக்கோட திரும்பிருவோம்னுதான் இருந்தோம். இங்கன ஒரு வெளிச்சம் தெரிஞ்சிச்சு, ஆளு இருக்குன்னு வந்தோம்." அண்ணாச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். அந்த அண்ணாச்சிதான் இன்றைக்கு என் கூரை எரியும்போதெல்லாம் சிரிக்கிறவர். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பயப்படுவாய் என்று நானே முடிவு பண்ணி, உனக்கு முட்டளவுத் தண்ணீரைக் காட்டினேன். நீ என் தீவில் கொள்ளைக்காரர்களை நிறுத்தி வைத்ததும் அதே வேலைதான். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள், யாரை யார் கோபிப்பது?

இப்போது பதில். நான் உங்களோடு குடியிருக்க வரமாட்டேன். வீட்டை விற்க வேண்டாம். பனி கொட்டுகிறதைப் பார்க்க ஆசை இருக்கிறது, பிள்ளை பிறந்தால் வந்து இருந்து பார்த்துக்கொள்வேன், அதற்கெல்லாம் ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனால் என் வீடு இதுதான். இந்த ஊர் மண்ணை விட்டு வரமாட்டேன் என்று நான் வசனம் பேசவில்லை. உனக்குத் தெரியும், இந்த வெயிலையும் கொசுவையும் நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு நாற்காலியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தைக் கோமதி பிடித்தாள். நாளைக்கு என்னைத் தூக்க வேண்டி வந்தால் அவள் ஒரு பக்கம் பிடிப்பாள். அவளைத் தனியாக ஒரு நாற்காலியைத் தூக்க விட்டுவிட்டு நான் வரமாட்டேன். நீ கனடாவில் எனக்கு ஒரு அறையை வைத்து, சூடும் குளிரும் அளவாக வைத்து, ஒரு ஆபத்தும் அண்டாமல் பார்த்துக்கொள்வாய். எனக்குச் சந்தேகமே இல்லை. கார்த்திகைக்குப் பிறகு என் நாலாவது தீவு அப்படித்தான் இருக்கிறது. கூரை எரியவில்லை, ஆரஞ்சு குறையவில்லை, எனக்கு அங்கே செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

உன் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறாய், போடுகிறேன். மாத்திரை, டார்ச், எண்ணெய் எல்லாம் இனி மாடியிலும் ஒரு பங்கு இருக்கும். காலையில் ஒரு தடவை பேசுகிறேன். இடுப்பளவு தண்ணீர் வந்தால் இடுப்பளவு என்றே சொல்கிறேன். நீ பயந்துகொள், அது உன் பாடு, அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும், கல்யாணப் பரிசாக நான் உன்னிடம் கேட்பது இதுதான். பவித்ராவுக்குத் தெரியாமல் அவளுக்காக எதையும் மாற்றி வைக்காதே. அவள் மேல் இரக்கம் வந்தால் அவளிடம் சொல். அவளை நினைத்துப் பயம் வந்தால், "நீ தனியா இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்று என்னிடம் சொன்ன மாதிரியே சொல். அன்றைக்கு நீ அதைச் சொன்னபோதுதான் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒருவழியாக வாயைத் திறந்தான் என்று எனக்குத் தோன்றியது. அவளும் அதைக் கேட்கட்டும். அவள் கூரை எரிந்தால் இரண்டு பேருமாகக் கட்டுங்கள்.

உன் வேலையில் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காதே, ஒரேலா பற்றி ஒன்றே ஒன்று. வெளிச்சத்தைப் பார்த்து வருகிறவன் எல்லாம் கொள்ளைக்காரன்தானா? அன்றைக்கு மாடியில் எனக்கு அது தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே இன்ஜின் சத்தம், ஒரே இருட்டு. சவரிமுத்துவுக்கும் ஒரு படகு கொடு. கரைக்கு வந்து சேருகிற வரைக்கும் எந்தப் படகு எது என்று தெரியாமல் வை. பயமாக இருக்கும்தான், இருக்கட்டுமே. மூன்று தட்டும் இருக்கட்டும், அந்தப் பெண்ணை எடுத்துவிடாதே. ஆனால் அவள் வருகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வை. அந்தப் பிள்ளை ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறான்.

இதை எழுதி முடிக்கும்போது மார்கழி வெயில் மாடியை விட்டு இறங்கிவிட்டது. இனி எழுந்து விளக்கு வைக்க வேண்டும், முதலில் இந்த வீட்டில், பிறகு டிவியைப் போட்டு நாலாவது தீவில். கோமதியும் அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிற காவலை எடுத்துவிடு எய்யா. நீ சரி என்றும் சொல்ல வேண்டாம், சரிம்மா என்றும் சொல்ல வேண்டாம். தினமும் அந்தியில் ஏற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பேன். என்றைக்கு ஒரு படகு வருகிறதோ, அன்றைக்கு நீ இதைப் படித்துவிட்டாய், எனக்குச் சம்மதம் சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். வந்திருப்பது யார் என்று கதவைத் திறந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா